தொழிலுக்கு இடம் தெரிவு செய்தல்: வாவிக்கரை முயற்சியாளர்கள் கவனிக்க வேண்டியவை

எமது மாவட்டத்தில் சிறு கைத்தொழில் ஒன்றை ஆரம்பிக்க எண்ணுபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "பணத்துக்கு என்ன வழி?" என்பதாகும். அடுத்து, "என்ன யந்திரம் வாங்குவது?" என்று கேட்கிறார்கள். "எங்கே வைப்பது?" என்ற கேள்வி கடைசியாகவே வருகிறது. பெரும்பாலும் அது கேள்வியாகவும் வருவதில்லை. மாமாவின் கடை ஒன்று சும்மா கிடக்கிறது, சந்தியில் ஓர் அறை வாடகைக்கு இருக்கிறது, வீட்டு வளவில் இடமிருக்கிறது என்ற அளவிலேயே இந்த விடயம் முடிந்துவிடுகிறது.

ஆனால் ஒரு தொழிலில் பின்னர் மாற்றுவதற்கு மிகக் கடினமானது இடமே. விலை பிழைத்தால் அடுத்த நாளே திருத்தலாம். யந்திரம் சரிவராவிட்டால் விற்றுவிடலாம். ஆனால் கட்டிய கொட்டிலைக் கழற்றி எடுத்துச் செல்ல முடியாது. கொடுத்த முற்பணம் இலகுவில் திரும்பாது. தோண்டிய கிணற்றைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. காதிலும் கழுத்திலும் கிடந்ததை அடகு வைத்தோ, சங்கத்தில் கடன் எடுத்தோ தொழில் தொடங்கும் ஒரு குடும்பத்துக்கு இடம் பிழைத்தால் தொழில் போகும், கடன் மட்டும் நிற்கும். எனவே பணம் கைக்கு வருவதற்கு முன்னரே இடத்தைப் பற்றிச் சிந்திப்பது அவசியமாகும். இக்கட்டுரையில் எமது வாவிப் பிரதேசத்தின் தன்மையைக் கருத்திற்கொண்டு, தொழிலுக்கான இடத்தை எவ்வாறு தெரிவு செய்வது என்பதை நாம் படிப்படியாகப் பார்ப்போம்.

1. மூலப்பொருளுக்கு அருகிலா, வாங்குபவருக்கு அருகிலா?

ஜேர்மனியப் பொருளியலாளர் அல்பிரெட் வெபர் 1909ஆம் ஆண்டில் கைத்தொழில்களின் அமைவிடம் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் சாரம் எளிமையானது. உற்பத்தியின்போது எடை குறையும் பொருளாயின் தொழில் மூலப்பொருளுக்கு அருகில் இருக்க வேண்டும். உற்பத்தியின்போது எடையோ பருமனோ கூடும் பொருளாயின் வாங்குபவருக்கு அருகில் இருக்க வேண்டும். ஏனெனில் தேவையற்ற பாரத்தைச் சுமப்பதற்கு யாரும் கூலி கொடுக்க விரும்புவதில்லை.

இதை எமது ஊரில் பொருத்திப் பார்ப்போம். 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி கிடைக்கும். மீதி உமியும் தவிடும். ஆகவே வட்டைக்கு அருகில் ஆலை இருந்தால் லொறியில் உமி பயணம் செய்யாது. அத்துடன் நெல்லை அவிப்பதற்கு அந்த உமியே எரிபொருளாகவும் உதவும். செங்கல் சூளை களிமண் உள்ள இடத்தில் இருப்பதும், கருவாட்டு வாடி மீன் வந்திறங்கும் துறையில் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

பாண் இதற்கு எதிரானது. மாவோடு தண்ணீர் சேருகிறது, பொங்குகிறது, பருமன் கூடுகிறது, அடுத்த நாள் பழசாகிவிடுகிறது. எனவே பேக்கரி சனம் உள்ள இடத்தில் இருக்க வேண்டும். தையல், தளபாடத் திருத்த வேலை, துவிச்சக்கரவண்டி திருத்துதல், சாப்பாட்டுக் கடை ஆகியனவும் வாங்குபவரைத் தேடிச் செல்ல வேண்டிய தொழில்களே.

தயிர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பால் விரைவில் கெட்டுவிடும் என்பதால் பட்டிக்கு அருகில் உறையவிட வேண்டும். ஆனால் சட்டியில் உறைந்த தயிர் குலுங்கினால் உடையும், தண்ணீர் விடும். எனவே பட்டிக்கு அருகில் இருக்கும் அதே வேளை, நல்ல வீதிக்கும் அருகில் இருக்க வேண்டும். உங்கள் தொழில் இவற்றுள் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். மற்றவை அதன் பின்னரே.

2. வாழைச்சேனைக் கடதாசி ஆலை தரும் பாடம்

இந்த விதிக்கு எமது மாவட்டத்திலேயே பெரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1956ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. நாட்டின் அன்றைய பெரும் அரச ஆலைகளுள் ஒன்று கொழும்பிலிருந்து இவ்வளவு தூரத்தில் ஏன் அமைந்தது? கடதாசிக்கான பிரதான மூலப்பொருள் வைக்கோல். வைக்கோல் விலை குறைந்தது, ஆனால் பருமன் கூடியது. ஒரு லொறி நிறைய ஏற்றினாலும் எடை அதிகம் இராது. அதைத் தொலைவுக்கு ஏற்றினால் கூலியே விலையை விழுங்கிவிடும். சுற்றிவர நெல்வயல்கள், அருகில் தண்ணீர், பக்கத்தில் புகையிரதப் பாதை, ஆகிய மூன்றும் வாழைச்சேனையில் ஒன்றுசேர்ந்திருந்தன. அந்த வகையில் இடத் தெரிவு சரியானதே.

எனினும் நல்ல இடம் மட்டும் ஒரு தொழிலை எக்காலத்திலும் காப்பாற்றாது என்பதையும் அதே ஆலை காட்டுகிறது. வைக்கோலை இரசாயனம் சேர்த்து அவிக்கும்போது வெளியேறும் கறுத்த கழிவுநீர் சுற்றாடலுக்குப் பிரச்சினையானது. யந்திரங்கள் பழமையடைந்தன. யுத்தம் வந்தது. உற்பத்தி படிப்படியாகச் சுருங்கி நீண்ட காலம் நின்றுபோனது. அதை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்களும், வைக்கோல் சேகரித்து விற்றவர்களும் அதன் தாக்கத்தை நன்கு அறிவர். சிறு தொழிலாளராகிய நாம் இதிலிருந்து இரண்டு விடயங்களை எடுத்துக்கொள்ளலாம். மூலப்பொருளுக்கு அருகில் செல்வது நல்லது. ஆனால் அவ்விடத்தில் கழிவு எங்கே போகும் என்பதையும் ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும்.

3. எழுவான்கரையும் படுவான்கரையும்

எமது வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணற்றரையாக எழுவான்கரை கிடக்கிறது. பிரதான வீதி, பெரிய பாடசாலைகள், சந்தைகள், அலுவலகங்கள், நெருங்கிய குடியிருப்புகள் ஆகியன பெரும்பாலும் இப்பக்கத்தில் உள்ளன. நெல், பால், விறகு, களிமண், விசாலமான காணி ஆகியன படுவான்கரையில் உள்ளன. சுருக்கமாகச் சொன்னால் மூலப்பொருள் ஒரு கரையில், வாங்குபவர் மறு கரையில். எமது பிரதேசத்தில் தொழிலுக்கு இடம் தேடுவது என்பது, எந்தப் பொருளை எந்த நிலையில் வாவியைக் கடக்க வைப்பது என்று தீர்மானிப்பதே ஆகும்.

நீண்ட காலமாக இந்தக் கடவைகளே எமது விலைகளைத் தீர்மானித்தன. மண்முனைத் துறையில் 'பாதை' வரும்வரை காத்திருந்தவர்களுக்கும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே பாதையில் ஏறியவர்களுக்கும் இது புதிதல்ல. காற்றுக் கடுமையானால் பாதை ஓடாது. இரவில் ஓடாது. அந்த நேரத்தில் பாலும் மீனும் மரக்கறியும் கரையிலேயே வாடும். மண்முனையில் ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட பாலம் 2014இல் திறக்கப்பட்டதும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கான பயணம் முற்றாக மாறியது. அதற்கு முந்திய ஆண்டில், 2013இல், ஆங்கிலேயர் காலத்து ஒடுங்கிய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் கல்லடிப் புதிய பாலமும் திறக்கப்பட்டது.

பாலம் வந்தால் எல்லாருக்கும் நன்மை என்று நாம் எண்ணுகிறோம். பொதுவாக அது உண்மையே. ஆயினும் பாலம் இருவழிப் பாதை என்பதை மறந்துவிடக்கூடாது. படுவான்கரை உற்பத்தியாளருக்கு எழுவான்கரைச் சந்தை கிட்டியதாகிறது. அதே வேளை எழுவான்கரை வியாபாரியின் லொறியும் படுவான்கரைக் கடை வாசலுக்கு வருகிறது. துறையடியில் காத்திருக்கும் சனத்தை நம்பித் தேநீர்க் கடை வைத்தவருக்கு, காத்திருப்பு இல்லாமற்போனதும் வியாபாரமும் போய்விடும். ஆகவே இடம் தெரிவு செய்யும்போது இன்றைய போக்குவரத்தை மட்டும் பார்க்காமல், அடுத்த ஐந்து ஆண்டுகளில் இவ்விடத்தில் பாலமோ, கார்ப்பெற் வீதியோ, பஸ் தரிப்பிடமோ வருமா, அல்லது இருப்பது இடம் மாறுமா என்று பிரதேச செயலகத்திலும் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிலும் விசாரித்துக்கொள்ள வேண்டும். வீதியை அகலமாக்கும் திட்டம் இருந்தால் வீதியோரக் கடையின் முன்பகுதி முதலில் பறிபோகும்.

4. மாரியில் பாருங்கள்

காணி பார்ப்பதற்கு எல்லாரும் கோடையில் போகிறார்கள். வெயில் எறிக்கும் ஓகஸ்ட் மாதத்தில் எந்தக் காணியும் மேட்டுக் காணியாகவே தெரியும். எமது மழையின் பெரும்பகுதி வாடைக்காற்றோடு ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை பெய்கிறது. அப்போது மேற்கே உள்ள குளங்கள் நிரம்பி வாய்க்கால்களாலும் ஆறுகளாலும் வரும் நீர் எல்லாம் வாவியில்தான் சேருகிறது. முகத்துவாரம் மணலால் மூடிக்கிடந்தால் அந்த நீர் கடலுக்குப் போக வழியின்றிப் பின்னோக்கி ஏறும். முகத்துவாரம் வெட்டும் நாளைப் பற்றி விவசாயிகளும் மீனவர்களும் ஒவ்வொரு மாரியிலும் பேசிக்கொள்வது இதனால்தான். 2011 ஜனவரியில் வந்த பெருவெள்ளம் இரு கரைகளிலும் செய்த அழிவை நாம் மறக்க முடியாது.

ஆகவே காணியை ஒரு தடவையாவது மாரியில் பாருங்கள். அதற்கு நேரமில்லையாயின் அயலிலுள்ள வயதானவர்களிடம், "2011இல் தண்ணீர் எவ்வளவு ஏறியது?" என்று கேளுங்கள். அவர்கள் முழங்கால், இடுப்பு என்று கையால் காட்டுவார்கள். பழைய சுவரில் பாசிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். யந்திரத்தின் அத்திவாரம், மா மூட்டை அடுக்கும் தட்டு, மின்மானி ஆகிய மூன்றும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். காணிக்குள் நீர் வராவிட்டாலும் வழியில் நிற்குமா என்றும் பாருங்கள். இரண்டு வாரம் லொறி வர முடியாத ஆலை, வெள்ளத்தில் மூழ்கிய ஆலையைப் போலவே வருமானமின்றி நிற்கும்.

காற்றும் கடலும் எமக்குப் பாடம் புகட்டியுள்ளன. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கூரைகளை மட்டுமல்லாது தென்னந்தோட்டங்களையே சாய்த்தது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதிக் கடற்கோள் நாவலடி, கல்லடி, டச்பார் உள்ளிட்ட கரையோரங்களை அழித்தது. அதன் பின்னர் வடக்கு கிழக்கில் கடலோரத்திலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாதென அறிவிக்கப்பட்டு, பிற்பாடு அது தளர்த்தப்பட்டது. இடையில் திருத்தவும் முடியாமல் விட்டுப்போகவும் முடியாமல் நின்ற சிறு கடைக்காரர் பலர். கடலுக்கு மிக அருகில் தொழில் நடத்துபவர் உப்புக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரும்பு யந்திரமும் தகரக் கூரையும் அங்கே விரைவில் துருப்பிடிக்கும். அது மாதாந்தம் செலுத்தும் ஒரு மறைமுக வாடகை போன்றது.

5. தண்ணீரும் மின்சாரமும்

எழுவான்கரையில் மணலுக்கடியில் கிடைக்கும் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை போன்றது. வீட்டுத் தேவைக்கு வாளியால் அள்ளும்போது இனிக்கும் கிணறு, தொழிலுக்காக மோட்டர் வைத்து நாள் முழுதும் இறைத்தால் கீழேயிருந்து உவர் ஏறிக் கெட்டுவிடலாம். அப்படிக் கெட்டால் உங்கள் கிணறு மட்டுமல்ல, அயலவர் கிணறும் கெடும். உணவுப் பொருள் செய்பவர், நெல் அவிப்பவர், ஐஸ் தயாரிப்பவர், சாயமிடுபவர் ஆகியோர் முதலில் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பங்குனி தொடக்கம் புரட்டாதி வரையான வரட்சிக் காலத்தில் கிணறு வற்றுமா என்று கேளுங்கள். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்நீர் அவ்விடத்துக்கு வந்துள்ளதா, இணைப்பு எடுக்கலாமா என்பதையும் நீர் வழங்கல் சபை அலுவலகத்தில் அறிந்துகொள்ளுங்கள்.

சிறிய மா அரைக்கும் யந்திரம் வீட்டு மின்சாரத்தில் ஓடும். பெரிய ஆலைக்கும் மர அரிவு யந்திரத்துக்கும் மூன்று கட்ட மின்சாரம் வேண்டும். கம்பி வீதியால் போகிறது என்பதற்காக அது உங்களுக்குக் கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. மூன்று கட்டக் கம்பி எத்தனை கம்பத்துக்கு அப்பால் நிற்கிறது, அருகிலுள்ள மின்மாற்றி தாங்குமா, இணைப்புக்கு எவ்வளவு செலவு என்பவற்றை மின் அத்தியட்சகர் அலுவலகத்தில் எழுத்தில் பெற்றுக்கொண்ட பின்னரே யந்திரத்துக்கு முற்பணம் கட்டுங்கள்.

6. கழிவு எங்கே போகும்?

1980களில் எமது வாவிக் கரையில் இறால் பண்ணைகள் தொடங்கப்பட்டன. போர்ச் சூழலில் அவை கைவிடப்பட்டன. பின்னர் இத்தொழில் வடமேற்கே புத்தளம் மாவட்டத்தில் பெருகியது. அங்கே பல பண்ணைகள் ஒரே கால்வாயிலிருந்து நீரை எடுத்து, கழிவு நீரையும் அதே நீர்நிலையில் விட்டன. ஒரு பண்ணையின் கழிவு அடுத்த பண்ணையின் குடிநீராகியது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அது பண்ணைக்குப் பண்ணை பரவிப் பெரும் நட்டத்தை ஏற்படுத்தியது. ஒவ்வொருவரும் தனித்தனியே பார்த்தால் நல்ல இடத்தையே தெரிவு செய்திருந்தார்கள். எல்லாரும் ஒரே நீரில் கைவைத்ததே கேடாயிற்று. "அடுத்தவர் செய்கிறார், நாமும் பக்கத்தில் செய்வோம்" என்று எண்ணும் எமக்கு இது ஒரு முக்கிய எச்சரிக்கை.

எமது வாவி நீரோட்டம் குறைந்தது. அதில் விடும் அழுக்கு உடனே கடலுக்குப் போய்விடாது. அதே வாவியில் வீச்சுவலை எறிந்து பிழைக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. நெல் அவித்த நீர், மீன் கழுவிய நீர், சாய நீர் ஆகியவற்றுக்குத் தொட்டியும் உறிஞ்சு குழியும் அமைக்க இடமில்லாத காணி, விலை எவ்வளவு மலிவாயினும் பொருத்தமற்றது. தூசும் இரைச்சலும் இவ்வாறே. கச்சான் காற்று வீசும் மாதங்களில் உங்கள் உமித்தூசி யாருடைய முற்றத்தில் விழும் என்று பாருங்கள். பாடசாலைக்கும் வணக்கத் தலத்துக்கும் வைத்தியசாலைக்கும் பக்கத்தில் அரைக்கும் ஆலை வைக்க வேண்டாம். அயலவரின் முறைப்பாட்டால் மூடப்படும் தொழில்கள் பல, நட்டத்தால் மூடப்பட்டவை அல்ல.

7. காகிதங்களைப் பாருங்கள்

போரும் இடப்பெயர்வும் கண்ட மாவட்டம் இது. உறுதிகள் எரிந்தும் தொலைந்தும் போயுள்ளன. ஒரே காணிக்கு இருவர் உரிமை கோருவதும் உண்டு. ஆகவே பின்வருவனவற்றைக் கட்டாயம் கவனியுங்கள்.

அ) உறுதிக் காணியாயின், காணிப் பதிவகத்தில் தோம்பு பார்ப்பியுங்கள். ஈடு வைக்கப்பட்டுள்ளதா, வழக்கு உண்டா, பங்காளிகள் யார் என்பது அதில் தெரியும். மட்டக்களப்பில் காணியும் வீடும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாக எழுதப்படுவது வழக்கம். தகப்பனார் அல்லது கணவர் வாய்ச்சொல்லால் வாடகைக்குத் தந்தாலும், உறுதி யாருடைய பெயரில் உள்ளதோ அவரே கையொப்பமிட வேண்டும்.

ஆ) அனுமதிப்பத்திரக் காணியாயின் மேலும் கவனம் தேவை. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அரச காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதியின்றி விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. படுவான்கரையில் இத்தகைய காணிகள் அதிகம். அங்கே வாய்ச்சொல்லை நம்பிக் கட்டடம் எழுப்புவது ஆற்றில் கொட்டுவதற்குச் சமம்.

இ) குத்தகை எடுப்பதாயின் நொத்தாரிசு முன்னிலையில் எழுதுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசினால் எழுதப்படாவிடின் சட்டத்தில் செல்லாது. வெற்றுக் கடதாசியில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைப்பது போதாது. எத்தனை ஆண்டு, வாடகை எப்போது எவ்வளவு கூடும், முற்பணம் எப்போது திரும்பும், நீங்கள் போட்ட கொட்டிலும் மின் இணைப்பும் யாருக்கு என்பவை தெளிவாக எழுதப்பட வேண்டும். பெருந்தொகை செலவழித்துத் திருத்தும் கட்டடத்தை ஓராண்டுக் குத்தகைக்கு எடுக்க வேண்டாம்.

ஈ) அனுமதிகளைப் பொறுத்தவரை, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, உள்ளூராட்சிச் சபையில் வியாபார உரிமமும் கட்டட அனுமதியும், உணவுத் தொழிலாயின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அங்கீகாரம் ஆகியன தேவை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் பல கைத்தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் அவசியம். கடற்கரையையோ வாவிக்கரையையோ அண்டிய காணியாயின், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின் கீழும் அனுமதி பெற வேண்டியிருக்கலாம். சுற்றாடல் அலுவலரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கட்டடம் எழும்பிய பின் அழைப்பதைவிட, காணி வெறுமையாக இருக்கும்போதே அழைத்துக் காட்டுவது மேல். ஒரு சுவரை எங்கே வைப்பதென்று அப்போது அவர்கள் சொல்வது செலவில்லாத ஆலோசனையாகும்.

8. ஒரு கணக்கு

அரிசி மாவும் மிளகாய்த்தூளும் செய்து விற்க எண்ணும் ஒரு மகளிர் குழுவை உதாரணமாகக் கொள்வோம். மூலப்பொருள், மின்சாரம், பொதியிடல் ஆகியவற்றைக் கழித்த பின் ஒரு கிலோவுக்கு 50 ரூபா மிஞ்சுகிறது, மாதத்தில் 25 நாட்கள் வேலை என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் முன் மூன்று இடங்கள் உள்ளன. (இத்தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே. உங்கள் ஊர் விலையை நீங்களே இட்டுப் பாருங்கள்.)

முதலாம் இடம்: பிரதான வீதிக் கடை. மாத வாடகை 24,000 ரூபா. நாளொன்றுக்கு 960 ரூபா. இந்த இடச் செலவை மட்டும் ஈடுசெய்ய நாளாந்தம் ஏறக்குறைய 20 கிலோ விற்க வேண்டும்.

இரண்டாம் இடம்: உள்வீதி அறை. வாடகை 9,000 ரூபா. மலிவாகத் தெரிகிறது. ஆனால் பொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்ல மாதம் 13 தடவை முச்சக்கரவண்டி, தடவைக்கு 800 ரூபாவாயின் 10,400 ரூபா. மொத்தம் 19,400 ரூபா. நாளொன்றுக்கு 776 ரூபா. அதாவது 16 கிலோ.

மூன்றாம் இடம்: அங்கத்தவர் ஒருவரின் வீட்டு வளவு. வாடகை இல்லை. ஆனால் கொட்டிலுக்கும் மின் இணைப்புக்கும் 300,000 ரூபா கடன். ஐந்தாண்டில் திருப்பினால் மாதம் 5,000 ரூபா. குறைந்து செல்லும் மீதிக்கு ஆண்டுக்கு 12 வீத வட்டியாயின் சராசரியாக மாதம் 1,500 ரூபா. முச்சக்கரவண்டிச் செலவு அதே 10,400. மொத்தம் 16,900 ரூபா. நாளொன்றுக்கு 676 ரூபா. அதாவது 14 கிலோ.

இனிக் கேள்வி தெளிவாகிறது. முதலாம் இடம் இரண்டாம் இடத்தைவிட நாளொன்றுக்கு 4 கிலோ, மூன்றாம் இடத்தைவிட 6 கிலோ கூடுதலாக விற்க வேண்டிய சுமையைத் தருகிறது. வீதியால் போகிறவர்கள் அந்த 6 கிலோவை வாங்குவார்களா? இதை ஊகிக்க வேண்டாம், எண்ணிப் பாருங்கள். கடை வாசலில் காலை, நண்பகல், மாலை என ஒவ்வொரு மணித்தியாலம் நின்று எத்தனை பேர் நடந்து போகிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று குறியுங்கள். சந்தை நாளிலும் சாதாரண நாளிலும் எண்ணுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் ஊர்களில் கடைகள் பூட்டப்படும். அறுவடைக் காலத்தில் கையில் பணம் புழங்கும், விதைப்புக் காலத்தில் புழங்காது. விரைந்து ஓடும் வாகனங்களை எண்ணுவதில் பயனில்லை. நிற்கும் கால்களையே எண்ண வேண்டும்.

இன்னொன்றையும் அக்குழு பேசித் தீர்க்க வேண்டும். மூன்றாம் இடத்தில் கடன் குழுவின் பெயரில், கட்டடம் ஒருவரின் வளவில். அவர் வெளிநாடு போனால், மகளுக்குச் சீதனமாக வளவை எழுதினால், அல்லது மனக்கசப்பு வந்தால் என்ன நடக்கும்? பொதுப் பணத்தைத் தனியார் வளவில் இறக்குவதானால் நொத்தாரிசுக் குத்தகை கட்டாயம் தேவை. எழுத்து இருந்தால் உறவும் இருக்கும்.

9. தொழில் வளரும்போது

வீட்டில் தொடங்கிய தொழிலை வெளியே கொண்டு போக வேண்டிய காலம் எப்போது? மூட்டைகள் படுக்கையறைக்குள் வந்துவிட்டால், கட்டளைகள் வந்தும் இடமின்மையால் மறுக்க நேர்ந்தால், பிள்ளைகள் யந்திரத்துக்குப் பக்கத்தில் படிக்க நேர்ந்தால் காலம் வந்துவிட்டது. அப்போதும் முழுவதையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. உற்பத்தியை மலிவான உள்ளிடத்தில் வைத்துக்கொண்டு, சந்தியில் சிறிய விற்பனைத் தட்டு ஒன்றை மட்டும் முதலில் போட்டுப் பார்க்கலாம். ஆறு மாத விற்பனையைக் கண்ட பின் முடிவெடுக்கலாம். தற்போதைய தேவையைப் போல் ஒன்றரை மடங்கு இடம் போதுமானது. மூன்று மடங்கு இடத்துக்கு வாடகை கொடுப்பது வெறும் காற்றுக்குக் கொடுப்பதாகும். வாங்கும் காணியாயின், பின்பக்கம் நீட்டிக் கட்ட இடமுள்ளதா என்று பாருங்கள்.

பெண்கள் வேலை செய்யும் இடமாயின் மலசலகூடம், மாலையில் வீடு திரும்பும் வழியின் வெளிச்சம், பஸ் கிடைக்கும் நேரம் ஆகியனவும் இடத்தின் தகுதியில் அடங்கும். இரவு ஏழு மணிக்குப் பயந்து நடக்க வேண்டிய ஒழுங்கையில் தேர்ந்த வேலையாட்கள் நிலைக்கமாட்டார்கள்.

முடிவெடுக்குமுன் கேட்க வேண்டியவை

1. எனது பொருள் செய்யும்போது எடை குறைகிறதா, கூடுகிறதா?
2. மாரியில் தண்ணீர் எவ்வளவு ஏறும்? லொறி வருமா?
3. கோடையில் கிணறு வற்றுமா, உவராகுமா?
4. தேவையான மின்சாரம் உண்டா? செலவு எழுத்தில் உள்ளதா?
5. கழிவு, தூசு, இரைச்சல் யாரைப் பாதிக்கும்?
6. உறுதியா, அனுமதிப்பத்திரமா? கையொப்பமிடுபவர் உரியவர்தானா?
7. இடச் செலவை ஈடுசெய்ய நாளொன்றுக்கு எவ்வளவு விற்க வேண்டும்?
8. ஐந்தாண்டின் பின்னும் இவ்விடம் பொருந்துமா?

இவ்வெட்டுக்கும் விடை எழுத ஒரு மாதம் செல்லலாம். அதுவரை அந்த இடத்தை வேறு யாரும் எடுத்துவிடுவார்களோ என்ற அவசரம் வரும். தரகரும் அப்படித்தான் சொல்வார். ஆழமறியாமல் காலை விடாதே என்பது எமது முன்னோர் வாக்கு. வாவியில் இறங்கிப் பழகிய எமக்கு அதன் பொருளை விளக்கத் தேவையில்லை. கம்பு ஊன்றி ஆழம் பார்த்த பின்னரே தோணியைத் தள்ளுகிறோம். கடன்பட்டுத் தொடங்கும் தொழிலுக்கும் அவ்வளவு கவனமாவது செலுத்துவோம்.